கைக்குள் அடங்கும் குரல்

ஒரு குரலுக்கு என்ன எடை இருக்கும் என்று எமரன்சி அதுவரை யோசித்ததில்லை. ஜொஹரா லாத்தாவின் கடையில், மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியில் மூன்று கைக்கணினிகள் இருந்தன. முதலாவது முந்நூறு கிராம் இருக்கும். இரண்டாவது அதில் பாதி. மூன்றாவதைத் தராசில் வைத்தால் முள் அசையுமா என்பதே சந்தேகம். மீதி ஆயுள் முழுவதும் அவள் பேசப்போகும் பேச்சு இந்த மூன்றில் ஒன்றுக்குள் இருந்தது.

கடல் இரண்டு தெரு உள்ளே வந்துவிட்ட தூத்துக்குடி அது. பழைய பஜாரின் மாடிகள் மட்டும் இன்னும் கடைகளாக இருந்தன. கீழ்த்தளங்களில் தண்ணீர் குடியிருந்தது. மத்தியான வெயில் அந்தத் தண்ணீரில் பட்டு, கடையின் கூரையில் வலைபோல ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து எதைப் பேசினாலும் அரைத்தூக்கத்தில் கேட்பது போலவே இருந்தது.

“இன்னும் இருபத்தொரு நாள் இருக்கு” என்றார் ஜொஹரா லாத்தா. “சனிக்கெழம ஆபரேஷன். அன்னைக்கோட தொண்டைல இருக்குற குரல் போயிரும். அதுக்கு முன்னாடி எது வேணும்னு நீ முடிவு பண்ணிரணும் புள்ள.”

“மூணையும் வாங்கிட்டுப் போயிட்டா?” என்று கேட்டான் கஸ்பார். அவன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவன். நின்றால் கடையின் மின்விசிறி தலையில் இடிக்கும் என்பதால் குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

“ஒரு ஆளுக்கு ஒரு குரல்தான் தம்பி. சட்டம். நாலு எடத்துல உன் பொண்டாட்டி குரல் பேசுனா, அதுல எது உன் பொண்டாட்டி?”

கஸ்பார் மூன்றாவதை ஒரு விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தான். அவன் பொதுவாகவே பதில் சொல்லாத மனிதன்.

எமரன்சியின் குரல்நாண்களில் ஏதோ வளர்ந்திருந்தது. பதினைந்து வருடம் துறைமுக வானொலி அறையில் உட்கார்ந்து, வருகிற போகிற கப்பல்களுக்கெல்லாம் வழி சொன்ன குரல். கப்பல்களில் இப்போது ஆட்களே இல்லை; அவை தாமாகவே வந்து தாமாகவே போகும். ஆனாலும் கரையில் ஒரு மனிதக் குரல் இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. மூன்று மாதமாக மைக்கை அவளிடமிருந்து வாங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அதே அறையில் வரைபட மேசையில் வேலை. பேச வேண்டியதில்லை.

“எந்தக் கம்பெனி இது?” என்றான் கஸ்பார்.

“கம்பெனியா? நல்லாக் கேட்டீய. கம்பெனிக்காரன்ட்ட குரலக் கொடுத்துட்டு ஊரு பட்ட பாடு போதாதா? ஒரு திங்கக்கெழம காலைல அவன் கடையச் சாத்திட்டான். நாலாயிரம் பேரு ஊமையாயிட்டாங்க. எங்க ஊருல ஒரு நிக்காஹ். மாப்ள ‘கபூல்’னு சம்மதம் சொல்லப் போறாரு, மெஷின் சொல்லுது, ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது.’ பொண்ணு அழுவுது, பொண்ணோட அம்மா மயங்கி விழுறாக.” லாத்தா தானே சிரித்துக்கொண்டார். “இது மூணும் லினக்ஸ். யாருக்கும் சொந்தமில்ல, அதனால எல்லாருக்கும் சொந்தம். உள்ள என்ன நடக்குதுன்னு தொறந்து பாக்கலாம். நான் செத்தாலும் வேற ஒருத்தி ரிப்பேர் பாப்பா.”

பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

முதலாவதற்கு மடக்கு என்று பெயர். மூடினால் செபப் புத்தகம் மாதிரி இருந்தது. திறந்தால் மேலே திரை, கீழே சின்னச் சின்ன விசைகள். இரண்டு கட்டைவிரலாலும் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். தட்டி முடித்து ஓரத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் பேசும்.

இரண்டாவது பலகை. வெறும் கண்ணாடி. அடுத்து என்ன சொல்ல வருகிறோம் என்று ஊகித்து அதுவே மூன்று வாக்கியங்களைக் காட்டும். ஒன்றைத் தொட்டால் போதும்.

மூன்றாவது கல். திரையும் இல்லை, விசையும் இல்லை. ஆற்றுக் கூழாங்கல் போல வழவழப்பாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

“இது எப்படிப் பேசும்?” என்றாள் எமரன்சி. அவள் குரல் இப்போது உலர்ந்த ஓலையை இழுப்பதுபோல வந்தது.

“பேச நெனைக்கும்போது மூளைலேர்ந்து தொண்டைக்குச் சேதி போகுதுல்லா, அது கொஞ்சம் கைக்கும் கசியும். எல்லாருக்கும் கசியும். அந்தக் கசிவ இது கேக்கும். மத்த ரெண்டும்கூட அதக் கேக்கும், ஆனா கோவமா சிரிப்பா அழுகையான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டுந்தான். கல்லு அப்படியில்ல. நீ நெனைக்கிற வார்த்தையையே எடுத்துப் பேசிரும்.”

“நெனைக்கிறதெல்லாமா?”

“அதான் வெனை. கல்லு வச்சிருக்கவங்க சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போனா கையுறை போட்டுக்கிட்டுப் போறாங்க. பாத்திருப்பியே.”

பார்த்திருந்தாள். அது ஏதோ புது நாகரிகம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“எதுவா இருந்தாலும் நாப்பது நாளு. நாப்பது நாளு ஒன்னையே புடிச்சா கை அதுக்குப் படிஞ்சிரும். பொறவு மாத்த முடியாது. மாத்துனா கை திக்கும். நாக்கு திக்குற மாதிரிதான், ஆனா சரியாவே ஆகாது. ஒவ்வொன்னையும் ஒரு வாரம் வச்சுப் பாரு. கல்ல மட்டும் ஆற விடக்கூடாது, கேட்டீங்களா ரெண்டு பேரும்? கைச்சூட்டுலயே இருக்கணும். கத்துக்கிற காலம் அது; இப்ப ரெண்டு தட்டு தட்டுனா பேச்சு அணையும், கை படிஞ்ச பொறவு அதுவும் முடியாது.”

கஸ்பார் தலையாட்டினான். ஆற விடக்கூடாது என்பது அவனுக்குப் புரிகிற பேச்சு.

முதல் வாரம் பலகை.

எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அதில் பயமாக இருந்தது. கோவில் வாசலில் யாராவது நலம் விசாரித்தால், கண்ணாடியில் மூன்று பதில்கள் தயாராக வரிசையில் நிற்கும். அவள் விரல் வைப்பாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலத்து அவளுடைய தெளிவான குரல் பதில் சொல்லும். துறைமுகத்தின் பதினைந்து வருடப் பதிவுகளிலிருந்து லாத்தா எடுத்துச் சேர்த்த குரல் அது. கேட்டவர்கள் எல்லோரும், “அப்படியே இருக்கே!” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை கஸ்பார் எண்ணெய் அப்பிய காலணிகளோடு, அவள் அப்போதுதான் துடைத்த தரையில் நடந்து வந்தான். எமரன்சிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பலகையைப் பார்த்தாள். ‘பரவாயில்லை.’ ‘பார்த்து நடங்கள்.’ ‘நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள்.’ இந்த மூன்றுதான். நான்காவது ஒன்று வருமா என்று கண்ணாடியைத் தள்ளிப் பார்த்ததில் முதலாவதில் விரல் பட்டுவிட்டது.

“பரவாயில்லை” என்றது அவள் குரல், கொஞ்சம் கோபமாக.

“ரொம்பத் திருந்திட்டியே” என்று சொல்லிவிட்டுக் கஸ்பார் குளிக்கப் போனான்.

தன் வீட்டில் தன் குரலோடு வேறு யாரோ நல்லவள் ஒருத்தி குடும்பம் நடத்துவதாக அவளுக்குத் தோன்றியது. அந்த நல்லவளை அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் மடக்கு. அதில் வேறு தொல்லை. மீன் வாங்கும் இடத்தில் பெண்கள் இறால் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எமரன்சி தட்டத் தொடங்குவாள். முடித்துப் பொத்தானை அமுக்கும்போது பேச்சு யாரோ ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கும். “இந்த விலைக்கு இது தேறாது, தலை கறுத்துப் போயிருக்கு” என்று நடுவில் அவள் குரல் கணீரென்று ஒலிக்கும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

வீட்டில் கஸ்பார் ஏதாவது கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான். விசைகள் டிக் டிக்கென்று போய்க்கொண்டிருக்கும். பிறகு அவன் படகுச் சாவியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்குவான். அவள் பதில் காலியான அறையில் ஒலிக்கும். ஆனால் அந்தப் பதிலில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் அவள் போட்டது. தட்டி, யோசித்து, அழித்து, மறுபடி தட்டியது. சில சமயம் முழுவதையும் தட்டி முடித்துவிட்டு, பொத்தானை அமுக்காமலே மூடிவிடுவாள். அப்படி மூடும்போது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதை மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வாரம் கல்.

வானொலி அறைக்குள் வெளிக்கருவி எதையும் கொண்டுபோக அனுமதியில்லை. அதனால் காலையில் கல்லைப் படுக்கையறை அலமாரியில், அவள் சால்வைக்குள் சுற்றி வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து எடுத்துக்கொள்வாள். கஸ்பாருக்கு அது ஓய்வு வாரம், வீட்டில்தான் இருந்தான். ஒரு நாள் மாலை கல்லை எடுத்தபோது அது வெதுவெதுப்பாகவே இருந்தது. நல்ல சால்வை என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் கல் “ம்” என்றும் “சரி” என்றும் மட்டும் சொன்னது. மூன்றாம் நாள் சொற்கள் வரத் தொடங்கின. அந்த அனுபவத்தை யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நினைப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே இருந்த சுவர் உருகிவிட்டது போல இருந்தது. இரண்டு கையும் வேலையில் இருக்க, கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க, துணியால் உள்ளங்கையோடு கட்டியிருந்த கல் அவளுக்காகப் பேசியது. “ஜன்னலச் சாத்துங்க, தண்ணி தெறிக்கி.” “இன்னைக்குக் கடல் பச்சையா இருக்கு.” நீரில் மிதந்துகொண்டே பேசுவது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டின்போது, அவள் கையில் இருந்த கல் சொன்னது: “கொழம்புல உப்பு கொறைவு.”

எமரன்சி சிரித்துவிட்டாள். “ஏங்க, என் கொழம்ப நானே கொறை சொல்லுதேன் பாத்தீங்களா” என்று தொண்டையாலேயே கரகரத்தாள். கஸ்பார் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஒரு முறைகூடச் சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. அவளும் தன் சமையலில் உப்பைப் பற்றி நினைத்ததாக ஞாபகமில்லை. மனத்தின் அடியில் எங்கோ நினைத்திருப்பாள். கல் அதை எடுத்து வந்திருக்கும்.

புதன்கிழமை மாடியில் துணி எடுக்கும்போது, “வடக்கால இருட்டிட்டு வருது, கயிற ரெட்டையாக் கட்டணும்” என்றது. படகுக்காரனோடு குடியிருந்தால் இப்படியும் யோசனை வரும்போல என்று எண்ணினாள். தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒருத்தியை இந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றுகிறது என்ற எண்ணம் அவளுக்குப் பிடித்துப்போனது. கல்லையே வைத்துக்கொள்வது என்று பாதி முடிவும் செய்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை கஸ்பார் அவள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத கப்பல் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்தது. எமரன்சி எதையுமே நினைக்கவில்லை. மனம் தெளிந்த தண்ணீராக இருந்தது. அந்தத் தெளிவுக்குள்ளிருந்து அவளுடைய இளைய குரல் சொன்னது:

“ரேடியோ வேலை செஞ்சுது.”

கஸ்பாரின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்து தேநீர் மடியில் கொட்டியது. அவன் துடைக்கவில்லை.

“பதில் சொல்லியிருக்கலாம்” என்றது குரல்.

அவன் எழுந்தான். அவளைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

எந்த ரேடியோ என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்பு மார்கழியில் ஒரு காலை, துறைமுகத்தின்மேல் பஞ்சுபோல மூடுபனி இறங்கியது. எல்லாப் படகும் திரும்பிவிட்டன, தாரகை என்ற இழுவைப் படகைத் தவிர. அதில் கஸ்பார் மட்டும் இருந்தான். அப்போது அவன் அவளுக்கு வானொலியில் கேட்கிற ஒரு குரல் மட்டுமே. சுருக்கமாகப் பேசும், கடைசியில் லேசாகச் சிரிக்கும் ஒரு குரல். நாற்பது நிமிடம் அவள் கூப்பிட்டாள். முதலில் “தாரகை, தாரகை” என்று விதிப்படி. பிறகு விதியெல்லாம் மறந்து “கஸ்பார், கஸ்பார்” என்று. பதிலே இல்லை. மூடுபனி விலகியபோது படகு தானாகவே வந்து சேர்ந்தது. ரேடியோ செத்துப்போய்விட்டது என்றான் அவன். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்காக அவளுக்கு மெமோ கிடைத்தது. தை மாதத்தில் அவன் வீட்டுக்காரர்கள் பெண் கேட்டு வந்தார்கள். ஊரில் எல்லோரும் அந்த மெமோவைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் கல்யாணத்துக்கு அதுதான் முதல் அழைப்பிதழ்.

இப்போது அவள் கையே சொல்கிறது, ரேடியோ வேலை செய்ததென்று. ஒன்பது வருடமாக நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டா இருந்தேன்? எனக்கே தெரியாமலா? அதை அவர் முகத்துக்கு நேரே, அவருக்குப் பிடித்த குரலிலா சொன்னேன்? கல்லைச் சால்வைக்குள் சுருட்டி, அதன் மேல் இரண்டு போர்வையைப் போட்டு மூடினாள். இருந்தும் உள்ளே அது பேசிக்கொண்டிருப்பதாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் படகு பிடித்து லாத்தாவின் கடைக்கு வந்தாள்.

“இது எனக்கு வேண்டாம். பொய் சொல்லுது. இல்லன்னா நான் பொல்லாதவ. ரெண்டுல ஒன்னு.”

“மெஷினு பொய் சொன்னா அதுல எழுதியிருக்கும் புள்ள. உக்காரு.” லாத்தா கல்லை ஒரு கம்பியில் மாட்டினார். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. “எந்த நேரத்துல எந்தக் கை புடிச்சுது, என்ன கத்துக்கிச்சு, எல்லாம் இதுல இருக்கும். மறைக்கிறதுக்கு இதுக்கு எசமான் யாரும் இல்லல்லா.”

வரிகள் நின்றன. லாத்தா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

“உங்கையில காப்பு காச்சிருக்கா?”

எமரன்சி கையை விரித்துக் காட்டினாள். வரைபடப் பென்சில் பிடிக்கும் மெல்லிய கை.

“இதுல ரெண்டு கை இருக்கு. ஒன்னு உன்னுது, பதினோரு மணி நேரம். இன்னொன்னு பெரிய கை. கயிறு இழுத்து இழுத்துக் காச்சுப்போன கை. காலைல எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், தெனம், விடாம. நாப்பது மணி நேரத்துக்கு மேல. பேச்ச அணைச்சு வச்சுட்டு சும்மாப் புடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.”

எமரன்சிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. இழுவைப் படகின் இன்ஜினை யாரும் ஆற விடுவதில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஆறிய இன்ஜின் அவசரத்துக்கு உதவாது. இருபது வருடமாக அவன் செய்துவரும் வேலை அது. லாத்தா, ஆற விடாதீங்க என்று சொன்னார். அவள் வேலைக்குப் போன நேரமெல்லாம் அவன் அந்தக் கல்லைக் கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்காக, அவள் குரல் ஆறிவிடாமல்.

“அப்ப உப்பு கொறைவுன்னது...”

“எனக்கென்ன தெரியும் உங்க வீட்டு உப்பு? ஆனா இது ரெண்டு கையையும் ஒரே கைன்னு நெனச்சிருச்சு. உங்கை சும்மா இருந்த எடத்துல எல்லாம் அந்தக் கை சொன்னத எடுத்து நெரப்பிருக்கு.” லாத்தா கம்பியைக் கழற்றினார். “அவருக்கு இது தெரிஞ்சிருக்காது பாவம். சூடு மட்டுந்தான் போகுதுன்னு நெனச்சிருப்பாரு.”

கூரையில் வெளிச்ச வலை ஆடியது. ஒன்பது வருடமாகக் கூட இருக்கிற ஒரு மனிதனின் மனத்தை, தன் மனம் என்று நம்பிக்கொண்டு ஒரு வாரம் வாழ்ந்திருக்கிறோம் என்று எமரன்சி நினைத்தாள். அது எவ்வளவு பழகிய இடமாக இருந்தது என்றும் நினைத்தாள். பிறகுதான் அந்த வாக்கியத்தின் எடை அவள்மேல் இறங்கியது. ரேடியோ வேலை செய்தது. அது அவள் சந்தேகம் இல்லை. அவனுக்குத் தெரிந்த உண்மை.

“இன்னொரு விசயம் சொல்லவா?” என்றார் லாத்தா. “உன் குரல ஏத்தும்போது மெஷினு பட்டியல் போட்டுச்சு, எந்த வார்த்தை எத்தன தடவைன்னு. ஒரே நாள்ல அதிகமாச் சொன்ன வார்த்தை ‘கஸ்பார்’. இருநூத்திப் பதினாறு தடவை. நான்கூட நெனச்சேன், இப்படிக் கூப்புட ஆளு கெடச்சா ஊமையாப் பொறந்தவனுக்கும் வாய் வந்துருமேன்னு.” அவர் கல்லை நீட்டினார். “அழிச்சிரவா?”

“இன்னைக்கு வேண்டாம். மடக்கையும் கொடுங்க. நாளைக்குக் காலைல ஒன்னு திரும்பி வரும்.”

வீட்டில் கஸ்பார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். எமரன்சி மேசையில் கல்லை வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கத்தியைக் கீழே வைத்தான்.

“லாத்தா சொல்லிட்டாங்களா?”

தலையசைத்தாள். எதிரே உட்கார்ந்து மடக்கைத் திறந்தாள். தொண்டையில் இன்னும் ஒரு நாள் குரல் மிச்சமிருந்தது. ஆனால் அதை எடுத்தால் கத்திவிடுவாள் என்று தெரிந்தது. தட்டினாள். ‘ஏன் என்னை ஏமாத்துனீங்க.’ பார்த்தாள். அழித்தாள். ‘நம்ம கல்யாணமே.’ அதையும் அழித்தாள். கஸ்பார் வெங்காயக் கையோடு நின்றுகொண்டிருந்தான். இந்த முறை படகுச் சாவியை எடுக்கவில்லை. விசைகள் டிக் டிக்கென்று போய்க்கொண்டே இருந்தன. அவனும் நின்றுகொண்டே இருந்தான்.

கடைசியில் பொத்தானை அமுக்கினாள்.

“அன்னைக்கு எத்தன தடவை கூப்பிட்டேன்?”

வார்த்தைகள் தெளிவாக வந்தன. ஆனால் உள்ளங்கையின் நடுக்கம் அந்தக் குரலுக்குள் இறங்கியிருந்தது.

“இருநூத்திப் பதினாறு” என்றான் கஸ்பார், யோசிக்காமல்.

அதற்குப் பிறகு அவன் பேசினான். ஒன்பது வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

“வழி தப்பிட்டேன். பொறந்த துறைமுகத்துலயே. வெக்கமா இருந்துச்சு. சொல்லிருவோம்னுதான் மைக்க எடுத்தேன். அப்பந்தான் நீ படகுப் பேர விட்டுட்டு எம்பேரச் சொன்ன. எங்கம்மா போன பொறவு அப்படி ஒருத்தரும் என்னயக் கூப்பிட்டதில்ல எமரன்சி. பதில் சொன்னா நிறுத்திருவியேன்னு... இன்னும் ஒன்னு, இன்னும் ஒன்னுன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பொறவு பனி வெலகிருச்சு. அதுக்கு மேல எப்படிச் சொல்ல? நாளைக்கு அந்தக் குரல் போவுதேன்னுதான் அந்தக் கல்லப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது இப்படிக் காட்டிக் கொடுக்கும்னு தெரியாது.”

அவள் நெடுநேரம் தட்டினாள்.

“நான் அந்த நாப்பது நிமிசமும் செத்துக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும்.”

“தெரியாது. உங்களுக்கு அது பாட்டு.”

கஸ்பார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். வெளியே தண்ணீர் படிக்கட்டில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. எமரன்சி அவன் கையைப் பார்த்தாள். மேசைமேல் கல்லுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது, அதைத் தொடப் பயந்த கை. கோபம் போய்விடவில்லை, நாளைக்கும் இருக்கும், அடுத்த மாதமும் கொஞ்சம் இருக்கும். அதைச் சொல்ல அவளுக்குக் காலம் இருந்தது. எழுத்து எழுத்தாக.

மறுபடி தட்டினாள்.

“கல்ல நீங்களே காலைல லாத்தாட்ட கொடுத்திருங்க. அழிக்கச் சொல்லுங்க. எனக்கு இந்த மடக்கு போதும். அமுக்காம விடுறதுக்கு ஒரு பொத்தான் எனக்கு வேணும்.”

“சரி.”

“நீங்க வாயாலயே பேசுங்க. உப்பு கொறைஞ்சாலும் சொல்லுங்க.”

“சரி.” அவன் உதடு லேசாக வளைந்தது. “கொறைவாத்தான் இருந்துச்சு.”

அவள் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு வரி தட்டினாள். இந்த முறை சீக்கிரமே முடிந்தது.

“எண்ணிக்கைல ஒன்னு கொறையுது.”

“இல்ல” என்றான் கஸ்பார், நிச்சயமாக. “ஒன்னுகூட விடல நான். இருநூத்திப் பதினாறு.”

லாத்தாவின் மெஷினும் அதைத்தான் சொன்னது. பதிவு எதிலும் இல்லாத ஒன்று அது. நாற்பதாவது நிமிடத்தில் மேற்பார்வையாளர் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டார். இனிப் பயனில்லை என்றார். அவள் எழுந்துபோய் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, வெள்ளையாகக் கிடந்த கடலைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் ஒரு முறை கூப்பிட்டாள். கண்ணாடியில் மூச்சுப் படிந்து மறைந்தது. எந்த அலையிலும் அது போகவில்லை. இப்படி ஒரு வார்த்தையைக் கல்லிடம் கொடுத்திருந்தால், அது அப்போதே ஊரெல்லாம் கேட்கச் சொல்லியிருக்கும். பலகையாக இருந்தால், அதற்குப் பதிலாக ஆறுதலாக ஏதாவது ஒன்றை நீட்டியிருக்கும். இவ்வளவு வருடம் அது அவளிடமே இருந்தது.

எமரன்சி மடக்கை மூடினாள். ‘டப்’ என்றது. குரலை உயர்த்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததை மீறுவதற்காக மூச்சை ஆழமாக இழுத்தாள்.

“கஸ்பார்.”

பதிவில் இருந்த குரல் போல அது இல்லை. கீறலாக, பாதி காற்றாக, நடுவில் உடைந்து வந்தது.

அவன் இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை.

“இங்கதாம்ட்டி இருக்கேன்” என்றான்.